பட்டா, அடங்கல், புறம்போக்கு: சொல்விளக்கம் எழுதுவது எப்படி?

கேள்வி: ஒரு விவசாயிகள் சங்கத்துக்காக நில ஆவணங்கள் பற்றிய கையேடு தயாரித்து வருகிறேன். அதன் கடைசியில் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புறம்போக்கு, பசலி என்று சுமார் 140 சொற்களுக்கு விளக்கம் தர வேண்டும். முதலில் சட்டப் புத்தகங்களைப் பார்த்து எழுதினேன். சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எளிமையாக்கி, ‘பட்டா: நிலம் உங்களுடையது என்பதற்கு அரசு தரும் அத்தாட்சி’ என்பதுபோல எழுதினேன். எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் கையேட்டைப் பார்வையிட்ட வழக்கறிஞர் பாதி விளக்கங்களைத் தவறு என்று அடித்துவிட்டார். சரியாக எழுதினால் புரியவில்லை, புரியும்படி எழுதினால் சரியாக இல்லை. எல்லாச் சொற்களுக்கும் பொருந்துகிற ஒரே அமைப்பு ஏதாவது இருக்கிறதா? ஒரு விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?
வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தப் பட்டாவைப் பார்த்துவிடுவோம். வழக்கறிஞர் அடித்தது சரி. உங்கள் விளக்கத்தை நம்பி ஒருவர், விற்பவரிடம் பட்டா இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முன்பணம் கொடுத்துவிடலாம். பட்டா வருவாய்த் துறையின் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் விளக்கம் சுருக்கமாக இருந்ததால் தவறாகவில்லை. பட்டா எதைக் காட்டாதோ, அதைக் காட்டும் என்று சொன்னதால் தவறாகிவிட்டது. எளிமையாக்கும்போது எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம். இல்லாத ஒன்றைச் சேர்க்க மட்டும் கூடாது. இந்த ஒரு வரம்பைப் பிடித்துக்கொண்டால் வழக்கறிஞருக்கும் விவசாயிக்கும் நடுவில் நீங்கள் அல்லாட வேண்டியிருக்காது.

இனி உங்கள் முதல் முயற்சி ஏன் புரியாமல் போனது என்று பார்க்கலாம். நீங்கள் அனுப்பியிருந்த வாக்கியம் இது: ‘குறிப்பிட்ட வருவாய்க் கிராமத்தில் குறிப்பிட்ட புல எண்ணில் அடங்கிய நிலத்துக்குத் தீர்வை செலுத்தும் பொறுப்புடையவராக வருவாய்ப் பதிவேடுகளில் பதிவு செய்யப்பட்டுள்ளவரின் பெயரில் வட்டாட்சியரால் வழங்கப்படும் ஆவணம்.’ இதில் கடினமான சொல் என்று ஒன்றுகூட இல்லை. சங்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் புல எண் தெரியும், நிலவரியான தீர்வை தெரியும், வட்டாட்சியரைத் தெரியும். பிறகு ஏன் விளங்கவில்லை? பட்டா என்பது எந்த வகைப் பொருள் என்று சொல்லும் ‘ஆவணம்’ என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. தமிழில் அடைமொழி எல்லாம் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். கேட்பவர் அந்தப் பெயர் வரும்வரை முன்னால் சொன்ன அத்தனையையும் மனத்தில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். வாசித்துக் காட்டும்போது யாராலும் அவ்வளவு சுமக்க முடியாது.

இதற்கு வழி சுலபம். எந்த வகைப் பொருள் என்பதை நான்கைந்து சொற்களில் ஒரு சிறு வாக்கியமாக முதலில் முடித்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அடுத்தடுத்த வாக்கியங்களுக்குத் தள்ளுங்கள்.

‘பட்டா: வருவாய்த் துறை தரும் சான்று. ஒரு நிலம் வருவாய்க் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது, அதன் புல எண், பரப்பு, தீர்வை ஆகியவை என்ன என்பதைக் காட்டும். நிலம் அவருக்கு எப்படி வந்தது என்பதைக் காட்டாது. அதற்குக் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.’

பழைய விளக்கத்தைவிட இது நீளம். ஆனாலும் முதல் வாக்கியத்திலேயே கேட்பவருக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்துவிடுகிறது. நீளம் பற்றி நீங்கள் கேட்டதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: விளக்கத்தின் நீளத்தைவிட ஒரு வாக்கியத்தின் நீளத்தைத்தான் கவனிக்க வேண்டும். முதல் வாக்கியம் ஆறு சொல்லைத் தாண்டினால் மறுபடி பாருங்கள். மொத்த விளக்கம் இரண்டு வரியோ ஆறு வரியோ, சொல்லுக்குத் தேவையானது இருக்கட்டும்.

இனி, ஒரே அமைப்பு உண்டா என்ற கேள்வி. இல்லை. ஏன் இல்லை என்றால், உங்கள் 140 சொற்களும் ஒரே வகைச் சொற்கள் அல்ல. சில காகிதங்களின் பெயர்கள், சில நிலத்தின் வகைகள், சில அளவுகள், சில நடைமுறைகள், இன்னும் சில பத்திரம் எழுதுபவர்களின் சொல்வழக்குகள். ஒவ்வொன்றிலும் வாசகர் தடுமாறுகிற இடம் வேறு. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குவதுதான் இந்த வேலையில் பாதி. தொல்காப்பியர் உரியியலில் ‘உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே’ என்கிறார். ஒரு சொல்லின் பொருள் எந்த வழியில் விளங்கும் என்பது அதை உணர்கிறவரின் ஆற்றலைப் பொறுத்தது என்பது அதன் பொருள். சொல்லுக்குப் பொருள் கூறும் வேலையைப் பற்றியே பேசுகிற இயல் அது. உங்கள் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு வரியை என்னால் தர முடியாது.

காகிதங்களின் பெயர்களுக்கு, அது என்ன என்று சொல்வதைவிட எந்தக் கேள்விக்கு அது பதில் தருகிறது என்று சொல்வது நன்றாக வேலை செய்யும். சிட்டா, ‘அ’ பதிவேடு, அடங்கல் மூன்றையும் மக்கள் குழப்பிக்கொள்வதற்குக் காரணம், மூன்றிலும் ஏறக்குறைய ஒரே விவரங்கள் வருவதுதான். வேறுபாடு அவை அடுக்கப்பட்டிருக்கும் முறையில் இருக்கிறது. ‘இவர் பெயரில் இந்தக் கிராமத்தில் என்னென்ன நிலம் இருக்கிறது?’ என்றால் சிட்டா. ‘இந்தப் புல எண் என்ன வகை நிலம், யார் பெயரில் இருக்கிறது?’ என்றால் ‘அ’ பதிவேடு. ‘இந்தப் பசலியில் (வருவாய் ஆண்டில்) இந்த நிலத்தில் என்ன பயிர் செய்தார்கள்?’ என்றால் அடங்கல். இப்படி எழுதினால், பயிர்க் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் ஏன் அடங்கல் நகல் கேட்கிறார்கள் என்பதும் தனியாகச் சொல்லாமலே விளங்கிவிடும். பட்டாவும் சிட்டாவும் இப்போது ஒரே நகலாகக் கிடைக்கின்றன என்பதை சிட்டாவின் கீழ் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வாசகர் அலுவலகத்தில் போய்த் தனியாகச் சிட்டா கேட்டுக்கொண்டு நிற்பார்.

சில காகிதங்களுக்கு எதைக் காட்டாது என்பதுதான் முக்கியமான விளக்கம். வில்லங்கச் சான்று அப்படிப்பட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு சொத்தின் மீது, நாம் கேட்கும் காலத்துக்குள், பதிவான பத்திரங்களின் பட்டியல் அது. பதிவாகாதது அதில் வராது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே பதிவு செய்யாத உயில் ஒன்று இருந்தால் வில்லங்கச் சான்றில் அதன் சுவடே தெரியாது. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதும் தெரியாது. ‘வில்லங்கம் இல்லை என்று அரசு தரும் உறுதி’ என்று எழுதினால் பட்டாவில் நேர்ந்த அதே விபரீதம் இங்கும் நேரும். ‘காட்டாது’ என்ற வாக்கியத்தை எல்லாக் காகிதங்களுக்கும் வலிந்து எழுத வேண்டாம். வாசகர் உண்மையிலேயே தவறாக எதிர்பார்க்கிற இடத்தில் மட்டும் எழுதுங்கள்.

பத்திரங்களின் பெயர்களைத் தனித்தனியாக விளக்குவதைவிட இரட்டையாக நிறுத்தி விளக்குங்கள். கிரய ஒப்பந்தம், கிரயப் பத்திரம் இரண்டையும் அகரவரிசைக்காகப் பிரித்துப் போட்டால் இரண்டுமே மங்கிவிடும். 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, விற்பதற்கான ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. கிரய ஒப்பந்தம், பின்னால் விற்கிறேன் என்ற வாக்குறுதி. கிரயப் பத்திரம், விற்றுவிட்டேன் என்ற எழுத்து. அதேபோல தான செட்டில்மென்டும் உயிலும். செட்டில்மென்ட் பத்திரத்தில் சொத்து எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே கைமாறுகிறது. உயில், எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை அவர் அதை மாற்றி எழுதலாம், ரத்தும் செய்யலாம். வயதான பெற்றோர் பலர் இந்த வேறுபாடு தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கண்ணீரோடு அலைகிறார்கள். உங்கள் கையேட்டில் மிகுந்த அக்கறையோடு எழுத வேண்டிய விளக்கம் எது என்று கேட்டால், நான் இந்த இரட்டையைத்தான் சொல்வேன்.

நிலத்தின் வகைகளுக்கு வந்தால் வேறு சிக்கல். இங்கே சொற்கள் பேச்சில் ஒரு பொருளும் கணக்கில் ஒரு பொருளும் கொண்டிருக்கின்றன. நஞ்சை என்றால் நெல் விளைகிற வயல் என்பது பேச்சு. கணக்கிலோ, அரசின் நீர்ப்பாசன ஆதாரத்திலிருந்து பாசனம் பெறுவதாக வகைப்படுத்தப்பட்ட நிலம் நஞ்சை. கிணறு வெட்டி மூன்று போகம் நெல் விளைவித்தாலும் கணக்கில் புஞ்சை என்று இருந்தால் அது புஞ்சைதான். இப்படிப்பட்ட சொல்லுக்குப் பேச்சு வழக்கை மறைத்துவிட்டு எழுதினால் வாசகர் நம்ப மாட்டார். ‘இந்தப் புத்தகத்துக்கு நஞ்சை தெரியவில்லை’ என்று மூடி வைத்துவிடுவார். ‘ஊரில் நெல் வயலை நஞ்சை என்போம். பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் அதன் பொருள் வேறு’ என்று அவர் நிற்கிற இடத்திலிருந்தே தொடங்குங்கள்.

புறம்போக்குக்கு வகைகளை அடுக்கிக் காட்டுவது நல்ல வழி. ஏரிப் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு, மேய்க்கால், மந்தைவெளி என்று சொல்லும்போது ஒவ்வொருவருக்கும் தன் ஊரில் ஓர் இடம் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அடுக்கி விளக்கும்போது, அடுக்கியது முழுப் பட்டியலா, சிலவா என்பதைச் சொல்லிவிட வேண்டும். ‘முதலியன’ என்று முடித்தால் தன் சந்தேகத்துக்குரிய நிலமும் அதில் சேருமா என்று வாசகர் விழிப்பார். சேராதவற்றில் அடிக்கடி குழப்பிக்கொள்வதை எடுத்துச் சொல்லுங்கள்: தரிசு என்பது கணக்கில் வேறு வகை, அதைப் புறம்போக்கோடு சேர்க்கக் கூடாது. ஊர்க் குடியிருப்புக்கான நிலமாகிய நத்தத்தையும் யோசிக்காமல் இந்தப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். கிராம நத்தத்தை மற்றப் புறம்போக்குகளிலிருந்து பிரித்தே சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் பார்த்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நத்தத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர், தான் அரசு நிலத்தை ஆக்கிரமித்தவர் என்று உங்கள் விளக்கத்தைப் படித்து அஞ்சக் கூடாது. அந்த ஒரு சொல்லுக்கு வழக்கறிஞரை அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அளவுச் சொற்களுக்கு விளக்கமே வேண்டாம், கணக்குப் போதும். ஏர் என்பது 100 சதுர மீட்டர். 100 ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். 100 செண்ட் ஓர் ஏக்கர். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 செண்ட். இதோடு விட்டுவிடாமல் பட்டாவில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது என்றும் காட்டுங்கள். பரப்பு என்ற கட்டத்தில் ‘0 - 40.50’ என்று இருந்தால் பூச்சியம் ஹெக்டேர், 40.50 ஏர், கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். இந்த ஒரு எடுத்துக்காட்டு, மெட்ரிக் அளவு பற்றிய ஒரு பக்கக் கட்டுரைக்குச் சமம். குழி, மா போன்ற பழைய அளவுகளைச் சேர்ப்பதாக இருந்தால் எந்த வட்டாரத்துக் கணக்கு என்பதையும் எழுதுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழி ஒரு மா, அது சுமார் 33 செண்ட். அந்தக் குழியை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் கணக்கு உதைக்கும்.

பசலியும் இப்படித்தான். ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிகிற வருவாய் ஆண்டு என்று சொல்லிவிட்டு, ஓர் எடுத்துக்காட்டு கொடுங்கள்: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. ஜூலை முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களுக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழிக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591ஐ. பசலி முறை முகலாயர் காலத்தில் வந்த வரலாற்றை நீங்கள் மூன்று வரியில் எழுதியிருந்தீர்கள். சுவையான செய்திதான். அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஆண்டு என்று தேடுகிறவருக்கு அது குறுக்கே நிற்கும். கையேட்டின் வேறு பகுதிக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வகை இருக்கிறது. எவ்வளவு சொன்னாலும் சொற்களால் விளங்காதவை. மாதிரியைக் காட்டினால் உடனே விளங்குபவை. நான்கெல்லை அப்படிப்பட்டது. பத்திரத்தில் ‘முருகன் நிலத்துக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால், நம் நிலத்துக்கு மேற்கே முருகன் நிலம் இருப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முருகன் நிலத்துக்கு மேற்கே நம் நிலம் இருக்கிறது. அதாவது முருகன் நமக்குக் கிழக்கே இருக்கிறார். இதை எத்தனை வாக்கியத்தில் எழுதினாலும் இன்னொரு முறை திரும்பிப் படிக்கத்தான் வேண்டியிருக்கும். நடுவில் ஒரு சதுரம், நான்கு பக்கமும் நான்கு பெயர்கள், கீழே அதே நிலத்துக்கான பத்திர வாசகம் என்று ஒரு சிறு படம் போட்டுவிடுங்கள். புல எண், உட்பிரிவு ஆகியவற்றையும் அப்படியே: 125/2ஏ என்பதை எழுதி, எது புல எண், எது உட்பிரிவு என்று கோடிட்டுக் காட்டினால் வேலை முடிந்தது.

இப்போது உங்கள் கைப்பிரதியில் நான் பார்த்த ஒரு பெரிய குறை. ‘பட்டாதாரர்: பட்டா பெற்றவர்’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. ‘பட்டா மாறுதல்: பட்டாதாரரின் பெயரை மாற்றுதல்’ என்று இன்னோரிடத்தில். இரண்டில் ஏதாவது ஒன்று தெரியாதவர் இதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார். ‘சர்வே எண்: புல எண்’, ‘புல எண்: சர்வே எண்’ என்பது அதைவிட மோசம். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை மட்டும் தந்து நகர்ந்துவிட்டால், அந்த இரண்டாவது சொல் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். அதற்கும் பொருள் சொல்ல வேண்டியிருந்தால் பயணம் முடியவே முடியாது. ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே’ என்று அதே உரியியல் இதையும் எச்சரித்திருக்கிறது. நடைமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு விளக்கத்திலும், பட்டியலில் உள்ள வேறு சொல் எங்காவது வருகிறதா என்று பார்த்து அடிக்கோடிடுங்கள். ஒரு விளக்கத்தில் இரண்டு அடிக்கோட்டுக்கு மேல் விழுந்தால் அதை மாற்றி எழுதுங்கள். இருவேறு பெயர்கள் ஒரே பொருளைக் குறித்தால் ஒன்றின் கீழ் முழு விளக்கம் கொடுத்துவிட்டு, மற்றதன் கீழ் ‘புல எண் என்பதைப் பார்க்க’ என்று விடுங்கள்.

எழுதி முடித்த பிறகு சங்கத்துக்கு எடுத்துச் செல்லும்போது ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். தலைச்சொல்லை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் வாசித்து, எந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று கேளுங்கள். அடங்கலின் விளக்கத்துக்குச் சிட்டா என்று பதில் வந்தால், வேறுபடுத்தும் வாக்கியம் பலவீனமாக இருக்கிறது. இன்னொன்று, பெயரும் எண்ணும் மறைத்த ஒரு பட்டா நகலைக் கொடுத்து, உங்கள் விளக்கங்களின் துணையோடு பரப்பு எத்தனை செண்ட் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் தங்கள் சொற்களில் திரும்பச் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் அவர்கள் சொல்லும் வாக்கியம் நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கும். வழக்கறிஞர் ஒப்புக்கொண்டால் அதையே அச்சிடுங்கள். வழக்கறிஞரிடமும் ‘சரியா?’ என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். ‘இதை நம்பி ஒருவர் பணம் கொடுத்தால் ஏமாறுவாரா?’ என்று கேளுங்கள். முழுமையாக இல்லை என்பதற்காக அவர் அடிக்க நினைக்கும் பல விளக்கங்கள் அப்போது தப்பிப் பிழைக்கும். அடிக்க வேண்டியவை மட்டும் அடிபடும்.

சட்டம் தானே வரையறுத்திருக்கும் சொற்களில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அங்கே உங்கள் விளக்கம் படிப்பதற்கு உதவுவது, வழக்குக்கு ஆதாரமாகாது என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதிவிடுங்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் எழுதி வாசகரைப் பயமுறுத்த வேண்டாம்.

பட்டியலில் வரப்பு, கிணறு, வாய்க்கால், பம்புசெட் எல்லாம் இருக்கின்றன. விவசாயிகளுக்கு வரப்பு என்றால் என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை எடுத்துவிட்டால் பதினைந்து இருபது சொற்கள் குறையும், இரண்டு பக்கம் மிச்சமாகும். அந்த இடத்தில் நான்கெல்லைப் படத்தையும், கோடிட்டு விளக்கிய ஒரு மாதிரிப் பட்டாவையும் முழுப் பக்க அளவில் போடுங்கள். செட்டில்மென்டையும் உயிலையும் எதிரெதிராக நிறுத்திய விளக்கத்தைக் கடைசிப் பக்கங்களில் புதைக்காமல், கையேட்டின் பின்னட்டை உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட முடியுமா என்று சங்கத்தாரிடம் கேட்டுப் பாருங்கள்.